ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற புரொஃபசர்!

செமஸ்டர் ஃபீஸ் கட்டியாச்சா? அரியர் லிஸ்ட் பார்த்தாச்சா? சரி சரி, முறைக்காதீங்க. இந்த வாரம் பர்ஸை ரொம்பக் கடிக்காத மேட்டர்தான்.

கோவளத்துல ஆரம்பிச்சு மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரமா இருந்து செங்கல்பட்டுக்கு பஸ் பிடிச்சு காலேஜ் போற பசங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "மாசா மாசம் பணம் கட்டற கனெக்‌ஷன் வீட்டுல இல்ல. மொட்டை மாடியில இலவச டிஷ் மட்டும்தான் இருக்கு. அதுல ரெக்கார்டு பண்ற பாக்ஸ் வாங்கலாமா? எதை வாங்கறது?"

வாங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்கிறேன். எதை ரெக்கார்டு பண்ணப் போறீங்க?

கிரிக்கெட், பழைய படம், பாட்டுன்னு நீங்க சொல்றது காதுல விழுது. தப்பில்ல. ஆனா அதே டிஷ் வழியா உங்க வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு முழு காலேஜும் இறங்கிக்கிட்டிருக்கு. அது பாதிப் பேருக்குத் தெரியறதே இல்ல!

மாடியில ஒரு காலேஜ்

2017 ஜூலையில் மத்திய அரசு 'ஸ்வயம் பிரபா' என்ற பெயரில் 32 கல்வி சேனல்களைத் தொடங்கியது. பிறகு எண்ணிக்கை இன்னும் கூடியது. கலை, அறிவியல், வணிகவியல், இன்ஜினீயரிங், சட்டம், மருத்துவம், விவசாயம்னு எல்லாமே உண்டு. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் எடுக்கிற பாடங்களும் இதுல வருது. ஒளிபரப்பாவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. டி.டி. ஃப்ரீ டிஷ் வர்றதும் அதே செயற்கைக்கோள்தான். அதனால தனி டிஷ் வேண்டாம், சந்தாவும் கிடையாது, நெட் பேக்கும் தேவையில்ல.

இதுல ஒரு அழகான ஏற்பாடு இருக்கு. ஒவ்வொரு சேனலிலும் தினமும் குறைஞ்சது 4 மணி நேரம் புதுப் பாடம் போடணும்னு திட்டம். அதே பாடத்தை அன்னிக்கே இன்னும் 5 தடவை திருப்பிப் போடுவாங்க. ஆக மொத்தம் 24 மணி நேரம். சாயங்காலம் 7 மணிக்கு வந்த பாடம் விடிகாலையில மறுபடி வரும்.

இப்ப உங்க வீட்டை நினைச்சுப் பாருங்க. சாயங்காலம் ரிமோட் யார் கையில? அம்மா கையில! சீரியல் நேரத்துல "எனக்கு தெர்மோடைனமிக்ஸ் பார்க்கணும்"னு கேட்டுட்டு உயிரோட இருந்துடுவீங்களா? ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு டி.வி. சும்மாதானே இருக்கு. டைமர் போட்டு வச்சா, வீடே தூங்கறப்ப புரொஃபசர் வந்து பென் டிரைவ்ல உட்கார்ந்துக்குவார்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு. இந்தப் பாடங்கள்ல பெரும்பாலானவை ஆங்கிலத்துல இருக்கு, சிலது ஹிந்தி. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்தவங்களுக்கு முதல் தடவை கேட்கும்போது பாதி புரியாது. வகுப்புல கை தூக்கி "சார், திரும்பச் சொல்லுங்க"ன்னு கேட்கக் கூச்சம். டி.வி.கிட்ட கேட்கவே முடியாது. அதே பாடம் ரெக்கார்டு ஆகி கையில இருந்தா? நிறுத்தி, பின்னாடி தள்ளி, டிக்‌ஷனரி புரட்டி, மூணாவது தடவை கேட்டா மண்டையில ஏறிடும். கேட்கிற வேகத்தை நீங்க முடிவு பண்றீங்க. இந்தப் பெட்டியால கிடைக்கிற பெரிய லாபம் இதுதான்.

இலவசம்னா எது?

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் செங்கல்பட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு கம்பம் நட்டு, ஆன்டெனாவைச் சென்னைப் பக்கம் திருப்பி, "இப்ப வருதா... இப்ப வருதா..."ன்னு மாடியிலிருந்து கத்தின கதையை உங்க தாத்தாகிட்ட கேளுங்க. அந்தப் பழைய அனலாக் டவர்களைத் தூர்தர்ஷன் நாடு முழுக்கப் படிப்படியா மூடிடுச்சு. 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு வந்தது. ஆனா அது பெருநகரத்தையும் அக்கம்பக்கத்தையும் மனசுல வச்சு போட்டது. இவ்வளவு தள்ளி இருக்கிற நாம அதை நம்பிப் பெட்டி வாங்கக் கூடாது.

நமக்கு இலவசம்னா ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனலோட ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு ஃப்ரீ டிஷ். டிஷ், பெட்டி, கேபிள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய், ஒரே ஒரு தடவை செலவு. நம்ம பழைய பொதிகை, 2024 ஜனவரியில் 'டி.டி. தமிழ்' ஆச்சே, அதுவும் இதுல வரும். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிப் பசங்களுக்கு ஒரு டிப்ஸ்: கலை, நடனம், இசைக்குன்னே இருக்கிற டி.டி. பாரதியும் இதுல உண்டு.

கடையில கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. பதிவு யாருக்குச் சொந்தம்? முதல் கேள்வியே இதுதான். சில பெட்டிகள் ரெக்கார்டு பண்ண ஃபைலைப் பூட்டி வச்சிடும். அதே பெட்டியில மட்டும்தான் ஓடும். பெட்டி செத்தா பாடமும் செத்தது! சாட்டிலைட் ட்யூனர் உள்ளேயே இருக்கிற டி.வி.க்கள்லயும் பலது இப்படித்தான். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கையோட ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்க. கடையிலேயே அஞ்சு நிமிஷம் ரெக்கார்டு பண்ணச் சொல்லுங்க. அதை லேப்டாப்ல வி.எல்.சி. பிளேயர்ல போட்டுப் பாருங்க, இல்லன்னா ஓ.டி.ஜி. கேபிள்ல போன்ல செருகிப் பாருங்க. ஓடினா வாங்கலாம். ஓடலைன்னா 'வரேண்ணே'ன்னு சொல்லிட்டு நடையைக் கட்டுங்க. மத்த அஞ்சு கேள்வியும் இதுக்கு அப்புறம்தான்.

2. எம்பெக்-2வா, எம்பெக்-4ஆ? பழைய எம்பெக்-2 பெட்டி பழைய வகை சேனலை மட்டும்தான் எடுக்கும். எம்பெக்-4 பெட்டி ரெண்டையும் எடுக்கும். நூறு, இருநூறு ரூபாய் மிச்சம்னு பழசை வாங்காதீங்க. அப்படியே ஸ்வயம் பிரபா வருதான்னு காட்டச் சொல்லுங்க. லிஸ்ட்ல இல்லைன்னா மேனுவல் ஸ்கேன் போட்டுத் தேடித் தரச் சொல்லுங்க.

3. 'ரெக்கார்டிங்' நிஜமா இருக்கா? யு.எஸ்.பி. ஓட்டை இருக்குங்கறதுக்காக ரெக்கார்டு ஆகும்னு அர்த்தமில்ல. சில பெட்டிகள்ல அது பாட்டு, படம் பார்க்க மட்டும்தான். மெனுவுல 'பி.வி.ஆர்.'னு இருக்கான்னு பாருங்க. 'டைம் ஷிஃப்ட்' இருந்தா இன்னும் நல்லது. ஓடிக்கிட்டிருக்கிற நிகழ்ச்சியை நிறுத்திட்டு, சாப்பிட்டு வந்து விட்ட இடத்திலேருந்து பார்க்கலாம்.

4. ட்யூனர் எத்தனை? விலை குறைஞ்ச பெட்டிகள்ல பொதுவா ஒரே ட்யூனர். ஒரு சேனல் ரெக்கார்டு ஆகறப்ப அதையேதான் பார்க்க முடியும், இல்லன்னா அதே அலைவரிசைத் தொகுப்புல வர்ற இன்னொண்ணைப் பார்க்கலாம். ரெண்டு ட்யூனருக்காக ஆயிரக்கணக்குல கொட்ட வேண்டாம். அதுக்குத்தானே ராத்திரி ரெண்டு மணி இருக்கு!

5. கரன்ட் போய் வந்தா? இதையும் கடையிலேயே டெஸ்ட் பண்ணுங்க. டைமர் செட் பண்ணிட்டு பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்க. பெட்டி தானா உயிர் வந்து, டைமரை ஞாபகம் வச்சிருக்கணும். வீட்டுலயும் ராத்திரி பெட்டியை ரிமோட்ல மட்டும் அணைங்க. சுவிட்சை ஆஃப் பண்ணா டைமர் எப்படி எழுந்திருக்கும்?

6. மணி சரியா காட்டுதா? பல பெட்டிகள் கிரீன்விச் நேரத்தோடதான் வரும். மெனுவுல நேர மண்டலத்தை +5.30-க்கு மாத்தணும். இதை மறந்தா இயற்பியல் பாடத்துக்குப் பதிலா வேற ஏதோ ரெக்கார்டு ஆகி இருக்கும்.

எவ்வளவு இடம் வேணும்?

சின்னக் கணக்குதான். சாதாரண சேனல் விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்துல வர்றதா வச்சுக்கோங்க. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1.35 ஜி.பி. 32 ஜி.பி. பென் டிரைவ்ல இருபது மணி நேரத்துக்கு மேல பிடிக்கும். ஹெச்.டி. சேனல்னா ஒரு மணி நேரமே 3, 4 ஜி.பி. தின்னும்.

ஒரு பொறி இருக்கு. பென் டிரைவ் 'ஃபேட் 32' முறையில ஃபார்மேட் ஆகியிருந்தா ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டாது. நாலு மணி நேரப் பாடம் மேலே சொன்ன கணக்குல 5.4 ஜி.பி. ஆச்சே! நல்ல பெட்டி தானா ரெண்டு ஃபைலா வெட்டிக்கும், மோசமான பெட்டி பாதியில நிறுத்திடும். அதனால ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனி டைமர் போடறது புத்திசாலித்தனம். பின்னாடி தேடவும் சுலபம்.

ஹார்ட் டிஸ்க் மாட்டறதா இருந்தா இன்னொரு விஷயம். சின்னப் பெட்டியோட யு.எஸ்.பி. போர்ட் அதைச் சுத்த வைக்கிற அளவு கரன்ட் தராமப் போகலாம். தனி பவர் உள்ள யு.எஸ்.பி. ஹப் போடுங்க. இல்லன்னா பென் டிரைவே போதும்.

கடற்கரைக்காரங்க கவனத்துக்கு

ஜிசாட்-15 நிக்கிறது 93.5 டிகிரி கிழக்கு. செங்கல்பட்டு, மாமல்லபுரத்திலிருந்து பார்த்தா தென்கிழக்கே, தலைக்கு மேல ரொம்ப உயரத்துல, சுமார் 68 டிகிரி. அதனால எதிர் வீட்டு மாடி பெரும்பாலும் மறைக்காது. கிட்ட இருக்கிற தென்னை மட்டைதான் மறைக்கும்.

கொக்கிலமேடு, தேவனேரி மாதிரி ஊர்கள்ல தென்கிழக்குன்னா நேரா கடல். உங்க டிஷ் நாள் பூரா உப்புக் காத்தை முகத்துல வாங்கிக்கிட்டு நிக்குது. துரு முதல்ல பிடிக்கிறது தட்டுல இல்ல, எல்.என்.பி.யில கேபிள் சேர்ற முனையிலதான். அங்க ரப்பர் மூடி போட்டு, டேப் இறுக்கிச் சுத்தி, ஆறு மாசத்துக்கு ஒருதரம் பிரிச்சுப் பாருங்க. போல்ட்டுல கிரீஸ் தடவி வைங்க.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை வந்தா படம் கட்டம் கட்டமா உடையும். டிஷ்ஷைக் குறை சொல்லாதீங்க. இந்த கே.யு. பேண்ட் அலைகளை அடர்ந்த மழை விழுங்கிடும். ரெக்கார்டும் உடைஞ்சுதான் இருக்கும். அதே பாடம் ஒரே நாள்ல ஆறு தடவை வர்றது இங்கதான் கை கொடுக்குது. மழை விட்ட நேரத்துல இன்னொரு டைமர் போட்டா வேலை முடிஞ்சது. ஆனா 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்துச்சே, அந்த மாதிரி நாள்ல பாடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பிளக்கைக் கழட்டிட்டு பத்திரமா இருங்க. காத்து அடிக்கிறப்ப டிஷ்ஷைப் பிடிக்க மாடி ஏறவே கூடாது!

போலீஸ் பிடிக்குமா?

பிடிக்காது. காப்புரிமைச் சட்டம் 1957-ன் 39-வது பிரிவு, ஒளிபரப்பைச் சொந்த உபயோகத்துக்கோ, நேர்மையான கற்பித்தலுக்கோ, ஆராய்ச்சிக்கோ பதிவு செய்யறதைக் குற்றமா பார்க்கல. அமெரிக்காவுலயும் சோனியோட 'பீட்டாமேக்ஸ்' வீடியோ ரெக்கார்டர் மேல சினிமா கம்பெனிகள் கேஸ் போட்டு, 1984-ல் சுப்ரீம் கோர்ட், வீட்டுல பிறகு பார்க்கறதுக்காகப் பதிவு பண்ணலாம்னு சொல்லிடுச்சு. ஆனா ரெக்கார்டு பண்ண படத்தை நெட்ல ஏத்தறது, காப்பி போட்டு விக்கறது எல்லாம் வேற கதை. அந்தப் பக்கம் போகாதீங்க.

கடைசியா...

'இதெல்லாம் போன்லயே வருதே'ன்னு சிலர் கேட்பீங்க. வருது. தனி போன், தினமும் டேட்டா, நல்ல சிக்னல் மூணும் உள்ளவங்க தாராளமா அதுலயே பாருங்க. 2020 கொரோனா சமயம் ஒரே போனை அண்ணன், தங்கச்சி ரெண்டு பேரும் ஆன்லைன் கிளாஸுக்காகப் பிடுங்கிக்கிட்ட வீடுகள் எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். இந்த யோசனை அவங்களுக்கு. ஏற்கெனவே டிஷ் இருந்தா செலவு பெட்டிக்கும் பென் டிரைவுக்கும் மட்டும்தான்.

'வீண் செலவு'ன்னு அப்பா சொன்னா வாதாடாதீங்க. ஒரு வாரம் பாடத்தை ரெக்கார்டு பண்ணி, அவர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து நோட்ஸ் எடுங்க. அப்படியே அவர் வேலைக்குப் போயிருந்தப்ப வந்த பழைய படத்தையும் ஒண்ணு பிடிச்சு வைங்க. அப்புறம் பென் டிரைவ் அவரே வாங்கித் தருவார்!

தெருவுல நாலு பேர் சேர்ந்தா இன்னும் சுலபம். ஒருத்தர் கணக்கு, ஒருத்தர் இயற்பியல், ஒருத்தர் வணிகவியல்னு பிரிச்சு ரெக்கார்டு பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து சேர்ந்து பாருங்க. புரியாததை ஒருத்தருக்கு ஒருத்தர் தமிழ்ல சொல்லிக் கொடுங்க. டியூஷன் ஃபீஸ் மிச்சம்.

அடுத்த வாரம் வேற மேட்டரோட வரேன். அதுவரைக்கும்... டைமர்ல +5.30 போட மறந்துடாதீங்க! வரட்டா?