வாட் எவ்வளவு என்று கேளுங்கள்

ஜூன், ஜூலை பிறந்தால் நம் சங்க அன்பர்கள் பலருக்கும் ஒரே கவலைதான். பிள்ளைக்கோ பேத்திக்கோ இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்துவிடும். அட்மிஷன் ஃபீஸும் ஹாஸ்டல் பணமும் கட்டிய கையோடு லேப்டாப் வாங்க வேண்டும். அதுவும் சாதாரண லேப்டாப் போதாதாம், கிராஃபிக்ஸ் கார்டு உள்ளதாக வேண்டுமாம். லட்சத்தைத் தாண்டும் சமாசாரம். பி.எஃப். பணத்தில் கை வைத்து வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. இத்தனை பணம் கொடுத்து வாங்கும் பொருளின் உண்மையான சக்தி என்ன என்பது அதன் பெட்டியில் எழுதப்படுவதில்லை. அதைச் சட்டம் போட்டு எழுத வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

நேரு பிளேஸுக்குப் போனால் கடைப் பையன் முதலில் சொல்லும் வார்த்தை, "நயா ஜெனரேஷன் ஹை, அங்கிள்!" என்விடியா கம்பெனியின் கார்டுகளில் 3070, 4070, 5070 என்று பெயர் வரும். முன் இரண்டு இலக்கம் தலைமுறை, பின் இரண்டு இலக்கம் அந்தத் தலைமுறைக்குள் அதன் அந்தஸ்து. 40 போய் 50 வந்தால் வேகமும் அந்தக் கணக்கில் கூடியிருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

விலையைப் பார்ப்போம். 3070 உள்ள மடிக்கணினிகள் 1,299 டாலரிலிருந்து கிடைக்கும் என்று 2021 ஜனவரியில் என்விடியா அறிவித்தது. 2025 ஜனவரியில் 5070-க்கும் அதே 1,299 டாலர்தான். நான்கு வருஷத்தில் விலை ஏறவில்லையே என்று மகிழ்வதற்கில்லை. முதல் அறிவிப்பின்போது டாலர் சுமார் 73 ரூபாய், இரண்டாவதன்போது சுமார் 86. ஆக 95,000 ரூபாய்ச் சரக்கு 1,12,000 ஆகிவிட்டது. அமெரிக்க விலையில் வரி சேராது. நம் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் 1,32,000. கடைக்காரர் லாபம் இதற்கு மேல்.

அதற்குக் கூடுதலாக என்ன கொடுத்தார்கள்? 3070-இல் 8 ஜி.பி. மெமரி. நடுவில் வந்த 4070-இலும் 8. 2025-இல் வந்த 5070-இலும் அதே 8. கார்டுக்குள் கணக்குப் போடும் கோர்கள் 4070-இல் 4,608. 5070-இலும் 4,608, ஒன்றுகூட அதிகமில்லை! மெமரியின் வேகம் கூடியிருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முழுசாக ஒரு தலைமுறை தாண்டியதாகச் சொல்ல முடியாது.

இதற்குக் காரணம் தொழிற்சாலையில் இருக்கிறது. 30 வரிசைச் சில்லுகள் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் ஆனவை. 40 வரிசையை தைவானின் டி.எஸ்.எம்.சி. இன்னும் நுட்பமான 4என் முறையில் செய்தது. அதனால் 3,072 கோர் உள்ள 4060, 3,840 கோர் உள்ள 3060-ஐ முந்தியது. மின்சாரமும் குறைவாகவே குடித்தது. 50 வரிசை மடிக்கணினிச் சில்லுகளும் அதே டி.எஸ்.எம்.சி.யின் அதே 4என் முறைதான். உலை மாறாதபோது இரும்பு எவ்வளவு மாறும்?

இனி வாட் கணக்குக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ரயில்வேயில் டீசல் இன்ஜினின் பெயரைச் சொன்னாலே அதன் சக்தி தெரிந்துவிடும். டபிள்யூ.டி.எம்.-3ஏ என்றால் 3,100 குதிரைத்திறன். டபிள்யூ.டி.ஜி.-6ஜி என்றால் 6,000. மின்சார இன்ஜினில் சரக்கு வண்டிக்கான டபிள்யூ.ஏ.ஜி.-9-ஐ கியர் மாற்றிப் பயணி வண்டிக்குக் கொடுத்தபோது, உள்ளே இருப்பது ஏறக்குறைய அதே இயந்திரம் என்றாலும் டபிள்யூ.ஏ.பி.-7 என்று வேறு பெயர் வைத்தார்கள். ஷெட்டில் யாரும் ஏமாறக் கூடாதல்லவா?

மடிக்கணினியில் நடப்பது நேர்மாறு. 4060 என்ற ஒரே சில்லை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று என்விடியாவே அனுமதிக்கிறது. மெல்லிசான, அழகான பெட்டிக்குள் 45 வாட்டில் ஓடுவதற்கும் பெயர் 4060. இரண்டு பெரிய விசிறியோடு 115 வாட்டில் ஓடுவதற்கும் அதே 4060. வாட் இரண்டரை மடங்கானால் வேகமும் இரண்டரை மடங்காகிவிடாதுதான். ஆனாலும் முழு வாட்டில் ஓடும் 4060, பட்டினி போட்ட 4070-ஐ முந்திவிடும். 2017-இல் குறைந்த வாட் கார்டுகளுக்கு 'மேக்ஸ்-க்யூ' என்று தனியாக ஒரு பெயராவது வைத்தார்கள். 2021-இல் அதையும் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக இணையப் பக்கத்தில் வாட் எண்ணைக் கொடுக்கும்படி தயாரிப்பாளர்களிடம் சொன்னார்கள். கடையில் மாட்டியிருக்கும் அட்டையில் அந்த எண்ணை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

டிராக்‌ஷன் மோட்டாருக்கு இரண்டு ரேட்டிங் உண்டு, ஒன்று தொடர்ந்து இழுக்க, மற்றது ஒரு மணி நேரத்துக்கு மட்டும். சூடுதான் இரண்டையும் பிரிக்கிறது. தில்லியில் மே மாதம் 44 டிகிரியில் ஹாஸ்டல் மெத்தையின் மேல் வைத்து ஓட்டும் மடிக்கணினிக்கும் அதே விதிதான். முதல் ஐந்து நிமிஷ வேகத்தைக் கடையில் காட்டுவார்கள். அரை மணி கழித்து என்ன வேகம் என்பதுதான் பையன் படிப்புக்கு உதவும்.

மேஜைக் கம்ப்யூட்டரில் வரும் கார்டின் பெயரையே மடிக்கணினிக் கார்டுக்கும் வைப்பது இன்னொரு வேடிக்கை. மேஜை 4090-இல் 16,384 கோர், 24 ஜி.பி. மெமரி. மடிக்கணினி 4090-இல் 9,728 கோர், 16 ஜி.பி. இது மேஜை 4080-இன் அளவு! முன்பு 980எம் என்று ஒரு 'எம்' போட்டுப் பிரித்துக் காட்டினார்கள். 2016-இல் 10 வரிசையோடு அந்த எழுத்தும் போயிற்று.

புதுசில் ஒன்றுமே இல்லையா என்று இளைஞர்கள் கோபிப்பார்கள். இருக்கிறது. 50 வரிசையில் கார்டு உண்மையாக வரைந்த ஒரு படத்துக்குப் பின்னால் மூன்று படங்கள் வரை ஊகித்து நிரப்பும் வித்தை வந்திருக்கிறது. விளம்பரத்தில் வரும் பெரிய பெரிய எண்களில் பாதி இதைச் சேர்த்துச் சொன்னவை. விளையாட்டில் கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ரயிலை ஓட்டிவிட்டு நான்கு ரயில் ஓடியதாக ரிஜிஸ்டரில் எழுதினால் எங்கள் காலத்தில் சார்ஜ் ஷீட் கொடுத்திருப்பார்கள். பிளெண்டரில் ரெண்டர் செய்யும் பெண்ணுக்கும், சாலிட்வொர்க்ஸில் டிராயிங் போடும் பையனுக்கும் அந்த ஊகப் படங்களால் காலணா பிரயோஜனமில்லை. செயற்கை நுண்ணறிவுப் பாடம் படிப்பவர்களுக்கு வேகத்தைவிட மெமரி முக்கியம். மாடல் 8 ஜி.பி.யில் அடங்காவிட்டால் எந்தத் தலைமுறையாக இருந்து என்ன? அவர்களுக்கு 12 ஜி.பி. உள்ள 5070 டி.ஐ.க்குப் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வெறும் புரோகிராம் எழுதப் படிப்பவர்களுக்குத் தனி கார்டே தேவையில்லை என்பேன்.

ஆகவே முழு வாட்டில் ஓடும் 4060 விலை குறைந்து கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அதற்காக ரொம்பவும் பின்னால் போகக் கூடாது. 10 வரிசைக்கு விளையாட்டு டிரைவர் புதுப்பிப்பதை 2025-இல் என்விடியா நிறுத்திக்கொண்டது.

ஃப்ரிட்ஜ் வாங்கினால் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று போடாவிட்டால் எடை அளவைச் சட்டத்தில் அபராதம் உண்டு. லட்ச ரூபாய் மடிக்கணினிப் பெட்டியில் எம்.ஆர்.பி. இருக்கிறது, எந்த நாட்டில் செய்தது என்று இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு தொடர்ந்து எத்தனை வாட்டில் ஓடும் என்ற ஒரு வரியையும் அங்கேயே அச்சிடச் சொல்ல நுகர்வோர் விவகாரத் துறைக்கு என்ன தடை? புதிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை, ஓர் அறிவிக்கை போதும். நம் சங்கத்தின் பெயரில் அத்துறைக்கு ஒரு மனு அனுப்பலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதிக் கொடுக்க நான் தயார். அது வரும் வரை, பணம் கட்டுமுன் வாட் எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நேரு பிளேஸில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.