பாம்பு அப்புறம், பெட்டி முதல்ல!

மக்களே, உள்ளங்கைக்குள்ள சுருண்டு படுத்திருக்கிற குட்டி பால் பைதான் ரீல்ஸ் இப்போ எல்லார் ஃபோன்லயும் சுத்துது. பார்த்ததும் 'எனக்கும் ஒண்ணு வேணும்'னு தோணும். தப்பில்ல, அழகான பிராணிதான். ஆனா அந்த ரீல்ஸ்ல எதுலயும் அது மீதி 23 மணி நேரம் இருக்கிற பெட்டியைக் காட்ட மாட்டாங்க. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பத்தினது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பாம்பு வளர்க்க ஆசைப்படறவங்க முதல்ல பெட்டியை செட் பண்ணி, பாம்பே இல்லாம 15 நாள் ஓட்டிப் பாக்கணும். அந்த 15 நாளும் ஒரு ஓரத்துல 31 முதல் 33 டிகிரி, எதிர் ஓரத்துல 25 முதல் 27 டிகிரி நிக்கணும். நிக்கலைன்னா பாம்பு வாங்கக் கூடாது. பிராஜெக்ட் ரிவ்யூ மாதிரியே வச்சுக்கோங்க. டெமோ ஓடலைன்னா அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது.

"காலிப் பெட்டிக்கு எதுக்குங்க கரண்ட் செலவு?"ன்னு கேக்கலாம். பதில் சொல்லணும்னா, சூடு ஏன் அதுக்கு இவ்ளோ முக்கியம்னு பாக்கணும்.

குளிர் ரத்தம்னா என்ன?

ஸ்கூல்ல 'குளிர் ரத்தப் பிராணி'ன்னு படிச்சோம். ரத்தம் குளிரா இருக்கும்னு அர்த்தம் இல்ல. நம்ம உடம்பு சாப்பாட்டை எரிச்சு 37 டிகிரியைத் தானே பிடிச்சு வச்சுக்கும். பாம்பு அந்தச் செலவைச் செய்யாது, சூட்டை வெளியில இருந்து வாங்கிக்கும். அதனாலதான் வாரம் ஒரு எலிக்குஞ்சுல அதோட பொழப்பு ஓடிடுது.

ஆனா வெளியில சூடு இல்லைன்னா உள்ளே எந்த வேலையும் சரியா நடக்காது. முழுசா விழுங்கின எலி செரிக்க என்சைம்கள் ஓடணும், அதுக்குச் சூடு வேணும். சூடு பத்தலைன்னா இரை வயித்துலயே கெட்டு, வாந்தியா வெளியே வரும். தொடர்ந்து குளிர்ல இருந்தா நோய் எதிர்ப்பு சக்தியும் குறையும். மூக்குல நுரை, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கறது, இதெல்லாம் நுரையீரல் தொற்றோட அடையாளம். முட்டையில இருந்து வந்த குட்டி 50 முதல் 80 கிராம்தான் இருக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சவங்களுக்கு இது சுலபமா புரியும்: எடைக்கு மேற்பரப்பு அதிகம், சேமிச்சு வைக்கிற வெப்பம் குறைவு. சட்டுனு சூடாகும், சட்டுனு ஆறும். பெரிய பாம்பு தாங்கிக்கிற ஒரு கெட்ட ராத்திரியைக் குட்டி தாங்கறது கஷ்டம்.

"காட்டுல அதுக்கு யாரு தெர்மோஸ்டாட் வச்சாங்க?"ன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். நல்ல கேள்விதான். பால் பைதானோட ஊர் கானா, டோகோ, பெனின் மாதிரியான மேற்கு ஆப்பிரிக்க நாடுகளும் மத்திய ஆப்பிரிக்காவோட சில பகுதிகளும். அங்க எலி வளையிலயும் கரையான் புத்துலயும் பதுங்கி வாழும். வெயில் ஏறினா ஆழமா போகும், ஆறினா மேல வரும். தெர்மோஸ்டாட் வேலையை அதோட கால் இல்லாத நடையே பாத்துக்குது. பெட்டிக்குள்ள அடைச்சதும் நாம பறிக்கிறது அந்தத் தேர்வைத்தான். ஒரு ஓரம் சூடு, மறு ஓரம் குளுமைன்னு வைக்கிறதே, பறிச்சதுல கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுக்கத்தான்.

நம்ம ஊர் வெயில் போதாதா?

போதும்னு நினைக்கிறவங்கதான் அதிகம். சென்னை மே மாசத்துல ரூம் 36, 37 டிகிரி போகும்போது ஹீட்டர் தேவையில்ல, உண்மை. ஆனா அப்போ பெட்டி முழுக்க அதே 36, 37. போய் ஒதுங்க ஒரு குளுமையான ஓரம் கிடையாது. அந்தச் சூட்டுல நாள் முழுக்க மாட்டிக்கிட்டா பாம்புக்கு உயிர் ஆபத்து. அதே ரூம்ல ராத்திரி ஏசியை 22ல வச்சுத் தூங்கினா, குட்டிக்குப் பகல்ல கோடை, ராத்திரி ஊட்டி. கோயம்புத்தூர் மார்கழி ராத்திரியைத் தனியா சொல்லவே வேணாம்.

அதனால நம்ம ஊர்ல பாதி வருஷம் பிரச்சினை சூடாக்கறது இல்ல, குளுமை ஓரத்தைக் காப்பாத்தறது. வீட்லயே குளுமையான ரூம்ல, மேல ஷெல்ஃப்ல வைக்காம கீழே, ஜன்னலை விட்டுத் தள்ளி வைங்க. நேர் வெயில் படவே கூடாது. கண்ணாடித் தொட்டி வெயில்ல நின்னா, கண்ணாடி ஏத்தி வெயில்ல நிறுத்தின கார் மாதிரிதான். இதை எந்த ஹீட்டர் பாக்கெட்லயும் எழுதியிருக்க மாட்டாங்க. உங்க ரூம்ல, உங்க சீசன்ல, காலிப் பெட்டியை ஓட்டினாதான் தெரியும்.

ஹீட்டர் ஈஸி, கன்ட்ரோல்தான் கஷ்டம்

முதல்ல ஒரு தடை: 'ஹீட் ராக்'னு விக்கிற, உள்ளே காயில் வச்ச செயற்கைக் கல் வேண்டாம். சூடு சீரா பரவாது, ஒரே இடத்துல கொதிக்கும். பால் பைதானுக்கு உதட்டு ஓரத்துல இருக்கிற வெப்ப உணர்வுக் குழிகள் இருட்டுல எலியைக் கண்டுபிடிக்கும். அப்படிப்பட்ட பாம்பு, வயிறு வெந்து போற அளவுக்குச் சூடான கல்லு மேலயும் நகராம படுத்திருக்கும். கல்லைக் குறை சொல்லிட்டு ஹீட் மேட்டை நேரா பிளக்ல சொருகினாலும் கதை அதேதான். கட்டுப்பாடு இல்லாத மேட் எவ்வளவு ஏறும்னு அதுக்கே தெரியாது.

கட்டுப்பாட்டுக்கு ரொம்ப அலைய வேணாம். நாட்டுக்கோழி முட்டை பொரிக்கிற இன்குபேட்டர்ல போடற எஸ்டிசி-1000 கன்ட்ரோலர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். செட் பாயின்ட்டும் அதுக்கு மேல கீழ எவ்வளவு விடலாம்ங்கிற வித்தியாசமும் நாமே வைக்கலாம். மேட் மெதுவா சூடாகி மெதுவா ஆறும், அதனால சாதாரண ஆன்-ஆஃப் கன்ட்ரோல் போதும். பிஐடி போட்டா ரெஸ்யூமேல எழுதிக்கலாம், பாம்புக்கு அது தெரியாது. பல்பு வச்சா மட்டும் ஆன்-ஆஃப் ஒத்துவராது, விட்டு விட்டு எரியும். அதுக்கு டிம்மிங் தெர்மோஸ்டாட்தான் சரி.

சென்சாரை எங்க வைக்கிறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு. பாம்போட வயிறு படற இடத்துல, மேட்டுக்கு நேர் மேல, தரையோட ஒட்டி வைக்கணும். மேல கொட்டின நார்த்தூளுக்கு மேல வச்சா, நார்த்தூள் காட்டற சூடு வேற, பாம்பு தோண்டிப் போய் தொடற தரையோட சூடு வேற.

என் ரூம்மேட்டோட அண்ணன் ஒருத்தர் பால் பைதானுக்குப் பெட்டி ரெடி பண்ணினார். பாம்பு வரலை, காலிப் பெட்டிதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் தனியா ஒரு சென்சார் போட்டு லாக் எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாவது நாள் ராத்திரி ஈரப்பதத்துல டேப் கழண்டு, கன்ட்ரோலரோட சென்சார் தண்ணிக் கிண்ணத்துக்குள்ள விழுந்துடுச்சு. தண்ணி குளுமையா இருக்கு. கன்ட்ரோலர் 'இன்னும் சூடாகல'ன்னு நினைச்சு ஹீட்டரை அணைக்கவே இல்ல. டிஸ்ப்ளே மட்டும் பார்த்தா எல்லாம் ஒழுங்கா நடக்கிற மாதிரி இருக்கும், என் லாக்ல கோடு நேரா மேல ஏறிக்கிட்டே போச்சு. அன்னிக்கு உள்ளே ஒரு 60 கிராம் குட்டி இருந்திருந்தா? 15 நாள் ஓட்டுங்கன்னு நான் பிடிவாதம் பிடிக்கிறது இதனாலதான். ஒரு நாள் டெஸ்ட்ல டேப் கழண்டிருக்காது.

இதுல இருந்து நமக்கு மூணு வேலை. சென்சாரை டேப்பை நம்பாம கிளிப் போட்டு இறுக்குங்க, தண்ணிக் கிண்ணத்தைக் குளுமை ஓரத்துல வைங்க. ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கிட்டா ஹீட்டர் அணையாது, அதனால ஒரு பைமெட்டல் தெர்மல் கட்-ஆஃப் ஸ்விட்சை ஹீட்டரோட சீரிஸ்ல போடுங்க. மூணாவது, கன்ட்ரோலர் சொல்றதை நம்பாம தனியா லாக் எடுங்க. நம்ம எல்லார் டிராயர்லயும் கிடக்கிற டிஹெச்டி11 இதுக்கு ஆகாது. அதோட பிழையே கூட்டியோ குறைச்சோ 2 டிகிரி, நமக்கு வேண்டிய இடைவெளியே 2 டிகிரிதான். டிஎஸ்18பி20 அரை டிகிரிக்குள்ள சொல்லும். ஓரத்துக்கு ஒண்ணு, ஒரு இஎஸ்பி32, முடிஞ்சது.

குட்டிக்குப் பங்களா வேணாம், பானை போதும்

குட்டிக்கு மூடி இறுக்கமா பூட்டற, காத்தோட்டத் துளை போட்ட சாதாரண பிளாஸ்டிக் பெட்டியே போதும். வளர்ந்த அப்புறம் 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம்னு பெருசு வேணும். மூடி விஷயத்துல அலட்சியம் வேண்டாம். விரல் நுழையற சந்துல குட்டி வெளியே போயிடும்.

உள்ளே ரெண்டு மறைவிடம் கட்டாயம், சூடான ஓரத்துல ஒண்ணு, குளுமையான ஓரத்துல ஒண்ணு. ஒண்ணுதான் வச்சா 'பயமில்லாத இடமா, சரியான சூடா'ன்னு பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டி வரும். அது பயமில்லாத இடத்தையே பிடிச்சுக்கிட்டு உடம்பைக் கெடுத்துக்கும். காசு போட்டு பிளாஸ்டிக் குகை வாங்க வேணாம், வாய் உடைஞ்ச சின்ன மண்பானையைத் தேய்ச்சுக் கவுத்தா போதும். சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978ல இருந்து இருக்கு. அரசு அனுமதியோட பிடிக்கிற பாம்புகளை விஷம் எடுக்கிற சில வாரங்களுக்கு மண்பானையிலதான் வச்சிருந்து, அப்புறம் காட்டுல விட்டுடுவாங்க. இருட்டு, இறுக்கம், சீரான சூடு எல்லாமே ஒரு பானைக்குள்ள கிடைச்சிடுது.

தரைக்கு பொள்ளாச்சி பக்கம் மலையா குவிஞ்சு கிடக்கிற தேங்காய் நார்த்தூளே நல்லது. லேசா ஈரம் பிடிச்சு வைக்கும். ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம் இருக்கணும், குறைஞ்சா தோல் துண்டு துண்டா உரியும். தேவதாரு மரத்தூள் மட்டும் வேணவே வேணாம், அதோட எண்ணெய் பாம்புக்கு ஆகாது. குட்டி வந்த முதல் வாரம் கையில எடுக்காதீங்க, இரை கொடுத்ததும் 48 மணி நேரம் தொடாதீங்க.

சட்டமும் சூட்கேஸும்

பிடிக்காத பகுதி இது, ஆனா விட முடியாது. நல்ல பாம்பு, சாரை, நம்ம மலைப்பாம்பு எதையும் பிடிச்சு வீட்ல வளர்க்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் விடாது. பால் பைதான் வெளிநாட்டு இனம், ஆனா சைட்ஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. 2022 திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு, அதை வச்சிருக்கறவங்க பரிவேஷ் இணையதளம் வழியா மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர்கிட்ட பதிவு செய்யணும். பேப்பர் இல்லாம விக்கிறவங்க எங்க இருந்து கொண்டு வர்றாங்கன்னு யோசிங்க. 2023 ஜூலையில திருச்சி ஏர்போர்ட்ல ஒரே பயணியோட பெட்டியில 47 மலைப்பாம்பும் 2 பல்லியும் பிடிபட்டுச்சு. சூட்கேஸ்ல சூடான ஓரமும் கிடையாது, குளுமையான ஓரமும் கிடையாது. பேப்பர் இல்லாத குட்டியை வாங்கறவங்க அந்த சூட்கேஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கறாங்க.

கடைசியா ஒரு கணக்கு. பால் பைதான் நல்லா பாத்துக்கிட்டா 20, 30 வருஷம் வாழும். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில, 60 வயசுக்கு மேல இருக்கும்னு கணிச்ச ஒரு பெண் பால் பைதான் 2020ல முட்டையே போட்டுச்சு. இன்னும் சில மாசத்துல நமக்கு பிளேஸ்மென்ட், வேற ஊர், வேற வாடகை வீடு. ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்கிறதெல்லாம் பேச்சுக்கே இடமில்ல. ஊருக்குப் போகும்போது அம்மா பாத்துக்குவாங்கன்னு நினைச்சா, எலிக்குஞ்சை அதே ஃபிரிட்ஜ்ல வைக்க அவங்க சம்மதிப்பாங்களான்னு இன்னிக்கே ஃபோன் பண்ணிக் கேட்டுடுங்க.

இதையெல்லாம் படிச்சும் ஆசை குறையலைன்னா ரொம்ப சந்தோஷம், உங்களை மாதிரி ஆளுங்கதான் வளர்க்கணும். இந்த வாரம் பெட்டியையும் கன்ட்ரோலரையும் மட்டும் வாங்குங்க. 15 நாள் லாக்கை எடுத்துக்கிட்டு லேப் பக்கம் வாங்க, சேர்ந்து பாக்கலாம். கோடு நேரா இருந்தா, பேப்பர் வேலையை எங்க தொடங்கணும்னு அப்புறம் பேசுவோம்.