பாலாஸ்ட் நீர் விதி வீண் செலவா?

சரக்கை இறக்கிய கப்பல் நிலைகுலையாதிருக்கத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, சரக்கேற்றும் துறைமுகத்தில் வெளியேற்றும் நீரே பாலாஸ்ட் நீர். அதைச் சுத்திகரிக்க வேண்டும் என்னும் விதி வீண் செலவு என்றும், கடல் ஒன்றே ஆதலால் உயிரினங்கள் எப்படியும் பரவும் என்றும் கூறுவோர் பலர்.

கடல் ஒன்றே என்பது வரைபடத்துக்கு மட்டுமே பொருந்தும். கழிமுகத்தின் உவர்நீரில் வாழும் சிப்பியின் இளவுயிரி, ஆழ்கடலைத் தானாகக் கடப்பதற்குள் பெரும்பாலும் மடிந்துவிடும்; கப்பலோ அந்தத் தடையையே நீக்கிவிடுகிறது. தென், நடு அமெரிக்கக் கரைகளுக்குரிய மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்னும் சிப்பி, 2019-இல் கேரளத்தில் பதிவாகி, இன்று எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பரவியுள்ளது. எண்ணூர் மீனவர் ‘காக்கா ஆழி’ என்றழைக்கும் இது, நூலிழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து ஆற்றடியைப் பாய் விரித்தாற்போல் மூடிவிடுவதால், இறால் சேற்றில் புதைய இடமின்றிப் போகிறது. மஞ்சள் மட்டி மூச்சடைத்து மடிகிறது. கையால் இறால் தடவிப் பிடிப்போரின் பிழைப்பும் அதோடு போகிறது.

பரவிய பின் அள்ளிவிடலாம் என்பதும் ஏற்கத்தக்கதன்று. அள்ளியதில் எஞ்சும் சிலவே மீண்டும் முட்டையிட்டுப் பெருகும். அச்செலவும் கப்பல் நிறுவனத்தை விட்டுப் பொதுப்பணத்தின் மேல் விழும்.

கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியும் சிப்பிகள் வருகின்றனவே என்னும் வாதம் உண்மையே. காக்கா ஆழியே அவ்வழியில் வந்திருக்கவும் கூடும். ஆயினும் அது அடிப்புறத்துக்கும் விதி வேண்டும் என்பதற்குச் சான்றேயன்றி, தொட்டியைத் திறந்துவிடுவதற்கு நியாயமாகாது.

தொழில்நுட்பம் இல்லை என்பதும் பழங்கதை. 2004-இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டு உடன்படிக்கை, வெளியேற்றும் ஒரு கனமீட்டர் நீரில் 50 மைக்ரான் அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள உயிரிகள் பத்துக்கும் குறைவாகவே உயிரோடிருக்கலாம் என்கிறது. வடிகட்டலும் புறஊதாக் கதிரும் அதற்குப் போதுமானவை.

கப்பலே வராத, விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசம் வட்டாரத்துக்கு இதனால் என்ன என்பதே மிக ஆபத்தான வாதம். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, அவ்வட்டாரத்தை அடுத்த கழுவெளி, பழவேற்காட்டைப் போலவே கடலோடு இணைந்த உவர்நீர் நிலை. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் எண்ணூரிலிருந்து தெற்கே, கழுவெளியை ஒட்டிய மரக்காணம் நோக்கியே பாய்கிறது. ஆகவே சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களில் ஒவ்வொரு கப்பலின் தொட்டி நீரும் வெளியேறுமுன் சோதிக்கப்பட வேண்டும். அதன் செலவைக் கப்பல் உரிமையாளரே ஏற்க வேண்டும்.