சும்மா மூணடி!

வீடு கட்டுகிறவர்கள் உஷாராக இருக்க வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: 'சும்மா!'

கடம்பத்தூரில் மனை வாங்கி, கான்ட்ராக்டர் காட்டிய ரெடிமேட் பிளானில் வீடு கட்ட ஆரம்பித்தார் நண்பர். "மாப்பிள்ளை, குபேர மூலை ரூமை சும்மா மூணடி தள்ளிக்கலாமே" என்றார் மாமியார். காமர்ஸ் படித்த தோஷம், நான் பேப்பரை எடுத்தேன். பத்துக்குப் பத்து அறை, பத்துக்குப் பதிமூன்றானால் கூடுதல் 30 சதுர அடி. பேசிய ரேட் 2,300 ரூபாய். ஆக 69,000! "குபேரனுக்கு இப்ப இருக்கிற இடமே தாராளம்" என்று மாமியார் பின்வாங்கிவிட்டார்.

அதோடு போகுமா? சுவர் நகர்ந்தால் தூண் நகரும், பீம் நீளும், கம்பி ஏறும். 2024-ல் வந்த சுயசான்று திட்டத்தில் (மனை 2,500, கட்டடம் 3,500 சதுர அடி வரை) ஆன்லைனில் சுலபமாக அனுமதி வாங்கலாம். ஆனால் வாங்கிய பிளான் ஒன்று, கட்டிய வீடு வேறு என்றால் வம்பு. பேங்க்காரரும் பழைய எஸ்டிமேட்டுக்குத்தான் லோன் தருவார். மிச்சம் நம்ம பாக்கெட்!

ஆகவே சார், மாற்றுவதை அஸ்திவாரத்துக்கு முன்பே மாற்றுங்கள். எக்ஸ்ட்ரா வேலைக்கு என்ன ரேட் என்பதை அக்ரிமென்டிலேயே எழுதி வாங்குங்கள். பேப்பரில் சுவரை நகர்த்த ரப்பர் போதும். சைட்டில் நகர்த்த, இடிக்கவும் கூலி, கட்டவும் கூலி!