பானையும் வேண்டும், பம்பும் வேண்டும்!

"சர்க்கரை வியாதியா? அது உட்கார்ந்து தின்கிறவனுக்கு வருவதப்பா! வெயிலில் மண்வெட்டி பிடிக்கிறவனை அது என்ன செய்துவிடும்?"

டி. கல்லுப்பட்டிக் கடைத்தெருவிலும் தேநீர்க் கடை பெஞ்சிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நம் தோழர்களே சிலர் இப்படிச் சொல்வதுண்டு. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை. ஆனாலும் இந்தப் பேச்சு ஒரு குழந்தையின் உயிரை வாங்கக் கூடிய பேச்சு. அதை எடுத்துச் சொல்லவே இன்று எழுதுகிறோம்.

நடு வயதில் வருகிற சர்க்கரை ஒன்று உண்டு. அது இப்போது பணக்காரன், ஏழை என்று பார்ப்பதில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம். இங்கே நாம் சொல்வது குழந்தைகளையும் இளம் வயதினரையும் பிடிக்கிற முதல் வகை நீரிழிவு. நோய்க் கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல் படை, வழி தவறித் தன் சொந்தக் கணையத்தையே தாக்குகிறது. இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிகின்றன. மிட்டாய் தின்றதாலும் அல்ல, தாய் தகப்பன் செய்த பாவத்தாலும் அல்ல. மாத்திரையால் இதை ஈடுகட்ட முடியாது. இன்சுலின் வெளியிலிருந்து தினந்தோறும் உடம்புக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் சில நாட்களில் மரணம்.

இந்த நோயுள்ள குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் இந்தியாவில் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-ல் கணக்கிட்டது. உலகில் எந்த நாட்டிலும் இவ்வளவு பேர் இல்லை. இவர்களெல்லாம் மாளிகைகளில் பிறந்தவர்களா? நிச்சயமாக இல்லை.

ஒரு கொத்தனார் வீட்டை எண்ணிப் பாருங்கள்

நம் ஊர்க் கொத்தனார் ஒருவர். அவருக்கு எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு இந்த நோய் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நான்கு ஊசி. வருஷத்துக்கு 1,460 ஊசி. சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கப் போகும் முன்பும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிப் 15, 20 ரூபாய். நாளைக்கு நான்கு என்றால் மாதம் சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆகும். மழை பெய்து வேலை நின்றால் முதலில் நிற்பது இந்த ஸ்ட்ரிப்தான்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. ஏழை மக்களின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மதுரைப் பெரியாஸ்பத்திரி இங்கிருந்து நாற்பது கிலோ மீட்டருக்கு மேல். ஒரு முறை போய் வந்தால் தகப்பனுக்கு ஒரு நாள் கூலி போச்சு, பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போச்சு.

இதைவிடப் பெரிய கஷ்டம் இரவில் இருக்கிறது. இன்சுலின் சற்றுக் கூடிப்போனால் சர்க்கரை அபாயகரமாகக் கீழே இறங்கும். விழித்திருக்கும் குழந்தை, "அம்மா, கை நடுங்குது" என்று சொல்லும். தூங்கும் குழந்தை என்ன சொல்லும்? அதனால் தாய் நடுநிசியில் எழுந்து பிள்ளையின் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். இரண்டு மணிக்கு மறுபடி எழுகிறாள். விடிந்தால் அவளும் வேலைக்குப் போக வேண்டியவள்.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் உறக்கம் என்று கேட்டு ரத்தம் சிந்திய வர்க்கம் நம் வர்க்கம். இந்தத் தாயின் எட்டு மணி நேர உறக்கத்தை யார் கேட்பது?

யந்திரம் வந்துவிட்டது

அந்த உறக்கத்தைக் கொடுக்கக் கூடிய யந்திரம் இன்று உலகத்தில் இருக்கிறது. தானியங்கி இன்சுலின் பம்பு என்று அதற்குப் பெயர்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டாக்டர் ஆர்னால்டு கேடிஷ் செய்து பார்த்த முதல் பம்பு, முதுகில் மூட்டை போலச் சுமக்க வேண்டியதாக இருந்தது. இன்றைய பம்பு சட்டைப் பைக்குள் அடங்கும். உள்ளே இன்சுலின். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தோலுக்கடியில் போகிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். கையிலோ வயிற்றிலோ ஒட்டிய சென்சார், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை சர்க்கரையை அளந்து பம்புக்குச் சொல்கிறது. சர்க்கரை ஏறினால் பம்பு இன்சுலினைக் கூட்டுகிறது. இறங்கப் போகிறது என்று தெரிந்தால் குறைக்கிறது, அல்லது நிறுத்திவிடுகிறது. இப்படிப்பட்ட முதல் தானியங்கிப் பம்புக்கு 2016 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இது நோயைத் தீர்க்கும் மந்திரம் அல்ல. சாப்பிடும்போது எவ்வளவு சோறு, எத்தனை இட்லி என்று கணக்கிட்டு யந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் ஆபத்து. ஆகவே ஊசியும் ஸ்ட்ரிப்பும் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். பழக்கிக் கொடுக்க ஆள் இல்லாமல் பம்பை மட்டும் கையில் கொடுப்பது, நீச்சல் தெரியாதவனைக் கண்மாயில் தள்ளுவதற்குச் சமானம். ஆனால் பழகிவிட்டால் இரவெல்லாம் காவல் காக்கும்.

சர்க்கரையை ஒழுங்காகக் கட்டுக்குள் வைத்தால் என்ன பலன்? 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 1993-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கண் பாதிக்கப்படும் அபாயம் நான்கில் மூன்று பங்கு குறைந்தது. சிறுநீரகமும் நரம்பும் கெடுவதும் வெகுவாகக் குறைந்தது. உழைத்துப் பிழைப்பவனுக்குக் கண் போனால், கால் போனால், வாழ்க்கையே போயிற்று. ஆகவே இதை ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

ஒரு டாலரும், சில லட்சமும்

விலை என்ன? இந்தியாவில் இந்தப் பம்பு சில லட்சம் ரூபாய். சென்சாருக்கும் குழாய்க்கும் மாதந்தோறும் பல ஆயிரம். கொத்தனார் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் இந்தத் தொகை விழாது.

இன்சுலின் எப்படிப் பிறந்தது என்பதை இந்த இடத்தில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1921-ல் கனடாவின் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவன், அதை ஊசியாகப் பெற்ற முதல் நோயாளியானான். பான்டிங்கும் பெஸ்ட்டும், மருந்தைச் சுத்தப்படுத்திய காலிப்பும் சேர்ந்து, 1923-ல் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே 1923-ல்தான் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார்.

அப்படிப் பிறந்த மருந்தைப் பின்னால் என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியின் ஒரு குப்பி இன்சுலின் 1996-ல் 21 டாலர். அதே மருந்து, அதே குப்பி, இருபது ஆண்டுகளில் சுமார் 275 டாலர்! மருந்து மாறவில்லை, லாப வெறிதான் வளர்ந்தது. மக்களின் கண்டனம் ஓங்கிய பிறகு 2023 மார்ச்சில் அந்தக் கம்பெனி 70 சதவீதம் விலை குறைப்பதாக அறிவித்தது. குறைக்க முடிந்த விலையை இத்தனை நாள் ஏன் குறைக்கவில்லை?

பம்பின் கதையும் இதுவே. 2013-லிருந்து, இனியும் காத்திருக்க மாட்டோம் என்று நோயாளிகளும் பெற்றோர்களும் தாங்களே இறங்கினார்கள். டேனா லூயிஸ் என்ற பெண்மணி இந்த நோயோடு வாழ்பவர். அவரும் அவர் துணைவரும் பம்பைத் தானே இயங்க வைக்கும் கணிப்பு முறையை உருவாக்கி, 2015-ல் காசு வாங்காமல் உலகத்துக்குத் திறந்து வைத்தார்கள். மூளை மக்களுடையது, பூட்டு மட்டும் கம்பெனியுடையது!

குமரப்பா வாழ்ந்த ஊர்

"கிராமத்தானுக்கு எதற்கப்பா யந்திரம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேறு ஊரில் கேட்டால் விட்டுவிடலாம். டி. கல்லுப்பட்டியில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இது காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கும் ஊர். ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர்.

பெரிய யந்திரங்களைப் பற்றி அவர் கருத்து வேறு, நம் கருத்து வேறு. ஆனாலும் 1960-ல் மறைந்த அந்தப் பெரியவரிடம் நமக்கு மதிப்பு உண்டு. சோவியத் நாட்டையும் சீனாவையும் நேரில் பார்த்து, கண்டதை ஒளிக்காமல் சொன்னவர் அவர். குவிந்து கிடக்கும் சரக்கைக் கொண்டு பொருளாதாரத்தை அளக்காதே, மனிதனைக் கொண்டு அள என்பதே அவர் போதனையின் சாரம். அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கண்ணையும் தாயின் உறக்கத்தையும் காக்கும் சின்னஞ்சிறு யந்திரம் அதில் தேறுமா, தேறாதா?

குமரப்பா போற்றிய கிராமத் தொழில்களில் ஒன்று குயவர் தொழில். இன்சுலினை வெப்பம் கெடுத்துவிடும். கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில், குளிர்ப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் இன்னொரு பானை வைத்து அதில் இன்சுலினைக் காப்பாற்றும் தாய்மார்கள் உண்டு. அது அறிவுள்ள ஏற்பாடு. நாமும் அதைப் பரப்ப வேண்டும். ஆனால், "ஏழைக்குப் பானை போதும், பம்பு பணக்காரனுக்கு" என்று யாராவது கோடு கிழித்தால், அந்தக் கோட்டை அழிப்பது நம் வேலை. பானையும் வேண்டும், பம்பும் வேண்டும்!

முடியாது என்பவர்களுக்கு

"ஸ்ட்ரிப்புக்கே வழியில்லை, பம்பு கேட்கிறீர்களா?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாக் குழந்தைகளுக்கும் முதலில் இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் உறுதியாக வேண்டும். அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் முதல் படியைக் கேட்கும்போதே மேல் படியையும் கேட்காதவனுக்கு முதல் படியும் கிடைப்பதில்லை. தொழிற்சங்கத்தில் பழகிய எவருக்கும் இது தெரியும்.

உலகத்தில் எங்குமே நடக்காததையா கேட்கிறோம்? இங்கிலாந்தின் பொது சுகாதார சேவை, 2024 ஏப்ரலிலிருந்து இந்தத் தானியங்கிப் பம்பைத் தகுதியுள்ள நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊர் வழியாகப் போகிறதே, திருமங்கலம் - கொல்லம் சாலை, அதிலேயே ராஜபாளையம், செங்கோட்டை தாண்டிப் போங்கள். கேரளத்தில் 2016-ல் பதவியேற்ற இடது ஜனநாயக முன்னணி சர்க்கார், முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளுக்கென்றே 'மிட்டாயி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாநில சமூகப் பாதுகாப்பு மிஷன் வழியாக இன்சுலின் பேனாவும் சர்க்கரையை இடைவிடாது அளக்கும் கருவியும் கொடுக்கப்பட்டன. தேவைப்படும் குழந்தைகளுக்குப் பம்பும் அதில் சேர்க்கப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கம் ஏன் நடக்கக் கூடாது?

தமிழ்நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போனது. அது நல்ல காரியம். மாத்திரை போன வழியில் குழந்தையின் ஸ்ட்ரிப் போகாதா?

மத்திய சர்க்கார் 2025 செப்டம்பரில் குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது. நல்லது. ஆனால் வாங்கவே முடியாத பொருளுக்கு வரி குறைந்தால் ஏழைக்கு என்ன லாபம்? ஸ்ரீபெரும்புதூரில் நம் பெண்களின் விரல்கள் உலகத்துக்கெல்லாம் கைபேசி பூட்டுகின்றன. அதே விரல்கள், பொதுத்துறையில் ஒரு தொழிற்சாலை வைத்தால், பம்பு பூட்ட முடியாதா?

நமது கோரிக்கைகள்

முதலாவது, முதல் வகை நீரிழிவுள்ள ஒவ்வொருவருக்கும் வயது பாராமல் இன்சுலினும், போதிய ஸ்ட்ரிப்பும் சொந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். இரண்டாவது, குழந்தைகளுக்கு இடைவிடாது அளக்கும் சென்சாரும், டாக்டர் தேவை என்று சொல்கிறவர்களுக்குப் பம்பும் சர்க்கார் செலவில் கொடுக்க வேண்டும். மாதச் செலவையும் சர்க்காரே ஏற்க வேண்டும். மூன்றாவது, கருவியைப் பழக்கிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவராவது தாலுகாவுக்கு வேண்டும். நான்காவது, பம்புக்கும் சென்சாருக்கும் உச்ச விலை நிர்ணயிக்க வேண்டும்; பொதுத்துறையில் உற்பத்தி தொடங்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்கலாமா, தோழர்களே? கூடாது. நாளையே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

உங்கள் தெருவில் ஒரு குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்கிறதா? அடிக்கடி சிறுநீர் போகிறதா? படுக்கையை நனைக்காதிருந்த பிள்ளை மறுபடி நனைக்கிறதா? நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா? அன்றைக்கே சர்க்கரை சோதிக்கச் சொல்லுங்கள். வாந்தியும் மேல்மூச்சும் வந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். "ஊசியை நிறுத்து, என் சூரணத்தில் குணமாகும்" என்று எவன் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். அந்தப் பேச்சை நம்பி இன்சுலினை நிறுத்தினால் குழந்தை பிழைக்காது. கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று பள்ளிக்கூட ஆசிரியருக்கும் சொல்லி வையுங்கள். பெண் குழந்தை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று நோயை மறைக்கிற வீடு இருந்தால், மாதர் சங்கத் தோழியர் அங்கே போய் உட்கார்ந்து பேசுங்கள். மறைத்துப் போடும் ஊசி, ஒரு நாள் போடாத ஊசியாகிவிடும்.

கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஒன்றியத்தில் இந்த நோயுள்ளவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேளுங்கள். பெற்றோர் சம்மதித்தால் அவர்களையே முன்னால் நிறுத்தி மனுக் கொடுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு தாய் இன்றைக்கும் எழுந்திருப்பாள். அவள் நிம்மதியாகத் தூங்கும் நாள் வரும் வரை நமக்கும் தூக்கம் வரக் கூடாது.