உன் பலத்தை நீயே எழுதினால் போதுமா?

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இப்போது எல்லோரும் செய்யும் உபதேசம் ஒன்றுதான். "உன் பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார். முன்னேற்றம் தானாக வரும்." பென்ஷன் வாங்கும் நாமும் கல்யாணப் பந்தியில்கூட இதையே ஒப்பிக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

நாம் எழுதுவது இருக்கட்டும், நம்மைப் பற்றி மேலே இருப்பவர் என்ன எழுதுகிறார்? அதுதானே பதவி உயர்வைத் தீர்மானிக்கிறது!

அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு ரகசியக் குறிப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பாதகமாக எழுதினால்தான் நமக்குத் தெரிவிப்பார்கள். 'நன்று' என்று எழுதினால் மூச்சு விட மாட்டார்கள். ஆனால் பதவி உயர்வுக்கு 'மிக நன்று' வேண்டும் என்றால், அந்த 'நன்று'தான் கழுத்தை அறுக்கும். தேவ் தத் என்ற பொறியாளருக்கு 1993-94ஆம் ஆண்டுக் குறிப்பு அப்படித்தான் செய்தது. எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் தன் பலத்தை எத்தனை தாளில் எழுதியிருந்தால் என்ன பயன்?

அதன் பிறகுதான், 2009இல், மத்திய அரசு முழுக் குறிப்பையும் ஊழியருக்குக் காட்டச் சொன்னது. ஆட்சேபணை இருந்தால் 15 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

"தன்னை அறியாதவன் எப்படி ஐயா உயர்வான்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பத்து வருஷம் தபால் பிரிவிலேயே உட்கார வைக்கப்பட்ட பெண்மணிக்கு, தனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எப்படித் தெரியும்? செய்து பார்த்தால்தானே பலம் தெரியும்? வாய்ப்பைக் கொடுக்காமல் பலத்தைக் கேட்பது, தண்ணீரைக் காட்டாமல் நீந்தத் தெரியுமா என்று கேட்பது போல.

தனியார் கம்பெனிகள் சிலவற்றில் இன்னொரு கூத்து. குழுவில் எல்லோரும் நன்றாக உழைத்தாலும், இத்தனை பேரைக் கடைசித் தட்டில் வைத்தே ஆக வேண்டும் என்று கணக்கு. அங்கே தள்ளப்பட்ட பிள்ளை, குறை தன்னிடம்தான் என்று இரவெல்லாம் புழுங்குகிறது. நாமும் நம் பங்குக்கு, "உன்னை நீயே சோதித்துப் பார்" என்கிறோம்!

இனி அப்படிச் சொல்லாதீர்கள். "உனக்கு என்ன மதிப்பெண் போட்டார்கள் என்று கேள். ஏன் என்று கேள். அதையும் எழுத்தில் கேள். செய்யாத வேலை ஒன்றை ஆறு மாதம் செய்து பார்க்க வாய்ப்புக் கேள்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது உதவும்.