அண்ணனுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு

பிலிப்பைன்ஸ் ஒரு விஷயத்தில் ரொம்பத் தாராளமான நாடு. அங்கே பிறப்பால் குடிமகனாக இருந்து, அப்புறம் அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமை வாங்கிட்டவங்க, ஒரு உறுதிமொழி எடுத்தால் போதும். இழந்த குடியுரிமை திரும்பக் கிடைச்சிடும். புதுசா வாங்கின குடியுரிமையை விட்டுட்டு வான்னு பிலிப்பைன்ஸ் கேட்காது. 2003 ஆகஸ்ட்டில் வந்த குடியரசுச் சட்டம் 9225 செய்த வேலை இது. நல்ல சட்டம்தான். ஆனால் அதில் 18 வயசு பத்தி ஒரு விதி இருக்கு. அதை மட்டும் என்னால் ஏத்துக்க முடியல.

முதல்ல பின்னணி. 1936-ல் வந்த ஒரு சட்டப்படி, வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினால் பிலிப்பைன்ஸ் குடியுரிமை போயிடும். நர்ஸ் வேலைக்கும் கப்பல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் உலகம் முழுக்க ஆள் அனுப்புற நாடு அது. வெளிநாட்டில் இருக்கிறவங்க வருஷத்துக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் ஊருக்கு அனுப்புறாங்க. அப்படிப் போனவங்களில் பலர் அங்கேயே குடியுரிமை வாங்கினாங்க. வாங்கின அன்னைக்கே சொந்த நாட்டில் வெளிநாட்டவர் ஆனாங்க. அதைச் சரி பண்ணத்தான் 2003 சட்டம்.

நம்ம ஊர் ஓசிஐ கார்டு மாதிரி இல்லை இது, முழுக் குடியுரிமை. ஓட்டுப் போடலாம், அளவுக் கட்டுப்பாடு இல்லாமல் வீட்டு மனை வாங்கலாம், பாஸ்போர்ட் எடுக்கலாம். இன்ஜினியரா இருந்தால் லைசன்ஸுக்கு விண்ணப்பிச்சு அங்கேயே தொழில் பண்ணலாம். வெளிநாட்டில் இருக்கிறவங்க தூதரகத்திலேயே உறுதிமொழி எடுத்துக்கலாம்.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். பெற்றோர் உறுதிமொழி எடுக்கும்போது, 18 வயசுக்குக் கீழே இருக்கிற, கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கும் குடியுரிமை சேர்ந்தே கிடைக்கும். தத்துப் பிள்ளைக்கும் உண்டு. 18 முடிஞ்சிருந்தால் கிடையாது.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்குவோம். செபுவில் பிறந்த நர்ஸ் ஒருத்தங்க 2000-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்குறாங்க. கணவர் அமெரிக்கர். 2003-ல் மகன், 2006-ல் மகள். 2022-ல் அம்மா உறுதிமொழி எடுக்கிறாங்க. 16 வயசு மகள் பிலிப்பைன்ஸ் குடிமகள் ஆகிடுவா. 19 வயசு மகன் வெளிநாட்டவன். ஒரே அம்மா, ஒரே வீடு, வீட்டில் பேசுற மொழியும் ஒண்ணுதான். மணிலா விமான நிலையத்தில் தங்கை சொந்த நாட்டுக்காரியா உள்ளே போவா. அம்மா கூட வந்ததால் அண்ணனுக்கு விசா இல்லாமல் 1 வருஷம் தங்க அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். அம்மாவோட நிலம் வாரிசுங்கிற முறையில் அவனுக்கு வரலாம். ஆனால் பக்கத்து மனையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. குடியுரிமை வேணும்னா 1939 சட்டப்படி கோர்ட்டில் மனு போடணும். அதுக்கு அந்த நாட்டில் பொதுவா 10 வருஷம் தொடர்ந்து வசிச்சிருக்கணும்.

சட்டத்தின் 2-ஆம் பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? இந்தச் சட்டத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வேற நாட்டுக் குடிமகனான பிலிப்பினோ தன் குடியுரிமையை இழக்காதவராவே கருதப்படுவார்னு சொல்லுது. அப்படிக் கருதினால், மகன் பிறந்தப்போ அம்மா பிலிப்பினோதானே? அம்மாவோ அப்பாவோ குடிமகனா இருந்தால் பிள்ளையும் குடிமகன்னு 1987 அரசியலமைப்பே சொல்லுதே! சட்டப்படி இதுக்குப் பதில் இருக்கு: 2003-க்கு முன்னாடி இழந்தவங்களுக்குக் குடியுரிமை திரும்பக் கிடைக்கிறது உறுதிமொழி எடுத்த நாளிலிருந்துதான், முன்தேதியிட்டுக் கிடைக்காதுன்னு உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிடுச்சு. சரி, சட்டம் அதுதான். ஆனால் நியாயம்?

"அம்மா முன்னாடியே எடுத்திருக்கலாமே"ன்னு கேட்கலாம். சின்ன வயசிலேயே பெற்றோர் செஞ்சுட்டா சிக்கல் இல்லைங்கிறது உண்மைதான். கிரேஸ் போ 2006-ல் குடியுரிமையைத் திரும்பப் பெற்றப்போ, அவரோட மைனர் பிள்ளைகள் 3 பேருக்கும் சேர்த்தே கிடைச்சது. ஆனால் எல்லாரும் அந்த நேரத்தில் ஊர் திரும்புறதில்லை. வேலை, வீட்டுக் கடன், பிள்ளைங்க படிப்பு எல்லாம் முடிஞ்சு, ரிட்டயர் ஆகும்போதுதான் ஊர் நினைப்பு வரும். அந்த வயசில் யாருக்குப் 18-க்குக் கீழே பிள்ளை இருக்கும்? பெற்றோர் தள்ளிப் போட்டதுக்குப் பிள்ளை ஏன் விலை கொடுக்கணும்?

அடுத்த கேள்வி விசுவாசம். இரட்டை விசுவாசம் நாட்டு நலனுக்கு எதிரானதுன்னு அவங்க அரசியலமைப்பிலேயே இருக்கு. அந்தப் பயத்துக்கும் இதே சட்டத்தில் வேலி உண்டு. தேர்தலில் நிற்கணும்னா வெளிநாட்டுக் குடியுரிமையை முறைப்படி துறக்கணும். கிரேஸ் போவும் 2010-ல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார், 2013-ல் செனட்டர் ஆனார். ஜனாதிபதி தேர்தலில் நிற்க அவருக்குத் தகுதி இருக்கான்னு வழக்கு வந்து, 2016-ல் 9-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. இவ்வளவு கறாரா வடிகட்டுற நாட்டுக்கு 19 வயசுப் பையன்கிட்ட என்ன பயம்?

இன்னொண்ணு. 16 வயசு தங்கை எதுவும் பேசாமலே குடிமகள் ஆகிடுறா, உறுதிமொழி அம்மாவோடது. 18 தாண்டினவன்தான் தன் வாயால், புரிஞ்சு உறுதிமொழி எடுக்கக்கூடியவன். அவனைத்தான் சட்டம் வெளியே நிறுத்துது. இது தலைகீழா இல்லையா?

பேரன், கொள்ளுப் பேரன்னு முடிவில்லாமல் கொடுக்கச் சொல்லல. ஒரே ஒரு தலைமுறை போதும். பிறப்பால் பிலிப்பினோவா இருந்தவரோட நேரடிப் பிள்ளை, பெற்றோர் உறுதிமொழி எடுத்ததிலிருந்து ஒரு 5 வருஷத்துக்குள், தானே நேரில் வந்து அதே உறுதிமொழியை எடுக்கட்டும். கல்யாணம் ஆகியிருந்தாலும் சரி. வராதவங்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

அம்மாவை "நீ எங்க பொண்ணு"ன்னு கூப்பிட்டுக்கிட்ட நாடு, மகன்கிட்ட பிறந்த தேதியைக் கேட்டுக் கதவைச் சாத்தக் கூடாது. அவன் உள்ளே வரணுமா வேண்டாமாங்கிறதை அவனே முடிவு பண்ணட்டும். அந்த வயசு அவனுக்கு வந்தாச்சு.